கட்டிலுக்கு முன் கணக்கு

(கொழும்பு, ஹெவ்லொக் டவுனில் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், கொழும்பில் தொழில் செய்யும் மலையக இளைஞர் யுவதிகள் ஆகியோர் கூடிய கூட்டத்தில், சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஹட்டனிலோ பதுளையிலோ வைத்திருக்க வேண்டிய கூட்டத்தை ஹெவ்லொக் டவுனில் ஏன் வைத்தீர்கள் என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே விஷயத்துக்கு வருகிறோம்.

நமது மலையில் ஒருவருக்குக் கடும் நோய் வந்தால் பயணம் எங்கே முடிகிறது? பலருக்குக் கொழும்பில்தான் முடிகிறது. தேசிய வைத்தியசாலைக்கு வருகிறார்கள். புற்றுநோய் என்றால் மஹரகமைக்கு வருகிறார்கள். முதுகெலும்பு முறிந்தவர்களை றாகமைக்கு அனுப்புகிறார்கள். நோயாளிக்கு அங்கே கட்டில் கிடைத்துவிடும். கூட வந்த மனைவி, மகன், அக்கா எங்கே தங்குவார்கள்? வெள்ளவத்தைக் கடையில் வேலை செய்யும் தம்பியின் அறையில், கொட்டாஞ்சேனையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில், இந்த ஹெவ்லொக் டவுனில் வீட்டு வேலை செய்யும் மகள் கேட்டு வாங்கிக் கொடுக்கும் ஒரு மூலையில் தங்குகிறார்கள். இங்கிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி மஹரகமைக்குச் சோறு கொண்டு போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். நோயாளியைத் தோட்டத்தில் பார்த்தவர்கள் ஒரு பக்கம், கொழும்பில் பார்த்தவர்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் முழுக் கதையும் தெரியவரும். அதனால்தான் இந்த இடம்.

இந்த இடத்துக்குப் பெயர் கொடுத்த ஆர்தர் ஹெவ்லொக் 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர். கோப்பி அழிந்து, மலையெங்கும் தேயிலை பரவிய காலம் அது. அருகே உயர்ந்து நிற்கும் ஹெவ்லொக் சிட்டி மாடி வீடுகளின் நிலத்தில் முன்பு இருந்தது வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை. ஆகவே, தொழிலாளர் கூடிப் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறோம்.

சில காலத்துக்கு முன்பு ஒரு குடும்பம் எங்களிடம் வந்தது. கணவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது பாரிசவாதம் வந்து விழுந்தவர். பெரிய வைத்தியசாலை ஒன்றில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். அதற்கு நாங்கள் நன்றி சொல்கிறோம். உயிர் ஆபத்து நீங்கியதும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டிலுக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

அவர் வீட்டுக்கு வந்தபோது மூக்கில் சாப்பாட்டுக் குழாய் இருந்தது, சிறுநீருக்கு இன்னொரு குழாய் இருந்தது. ஒரு கை ஒரு கால் அசையவில்லை. வீடு என்பது தொங்கல் லயத்தில் ஒரு காம்பரா. பாதையிலிருந்து லயத்துக்குப் படிக்கட்டில் நாலு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். கையில் கொடுத்த பத்திரம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதை மனைவிக்கு விளங்கும்படி எவரும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் முதுகின் அடியில் புண் வந்தது. அந்த அம்மா மலைக்குப் போகவில்லை, பேர் இல்லை, சம்பளம் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள்.

அந்த அம்மா எங்களிடம் உதவிதான் கேட்பார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு. "எங்களைப் போல எத்தனை வீட்டில் இப்படிப் படுத்திருக்கிறார்கள்? நீங்கள் சங்கம்தானே, உங்களுக்குத் தெரியுமே" என்றார்.

தோழர்களே, எங்களுக்குத் தெரியாது. சந்தா கட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடியும். சம்பள நிலுவை எவ்வளவு என்று சொல்ல முடியும். லயத்துக் காம்பராவில் எத்தனை பேர் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. அந்த வெட்கத்திலிருந்துதான் இந்தக் கூட்டம் பிறந்தது.

மலையகத்துக்குப் பெரிய வைத்தியசாலை வேண்டும் என்று மேடைதோறும் கேட்கிறோம். கேட்பது சரி. கேட்டுக் கிடைத்ததும் உண்டு. டிக்கோயா கிளங்கேன் ஆதார வைத்தியசாலையின் 150 கட்டில்கள் கொண்ட கட்டடம் இந்திய உதவியில் கட்டப்பட்டு, 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியால் திறந்துவைக்கப்பட்டது. நம்மில் பலர் அன்று அங்கே நின்றோம். நல்ல காரியம். ஆனால் கட்டடம் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: நமக்கு என்ன நோய், எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம், எங்கே சிகிச்சை வேண்டும்? இதற்குப் பெயர்தான் சமூகத்தின் சுகாதாரத் தேவையை மதிப்பிடுதல். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை நாம் செய்யக்கூடியதுதான்.

நமது வரலாற்றில் "தேவை" என்ற சொல் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1912இல் வெள்ளைக்காரர் ஆட்சியில் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பதும், தோட்டத்தில் நோய்ப்பட்டவர்களைப் பற்றி அறிந்து வைத்திருப்பதும் துரையின் கடமை என்று அந்தச் சட்டம் சொன்னது. சட்டத்தின் பெயரில் தேவை இருந்தது. அந்தத் தேவை என்ன என்று நமது பாட்டன் பாட்டியிடம் எவரும் கேட்கவில்லை. வேலைக்கு வரக்கூடிய உடம்பா இல்லையா என்பதுதான் அங்கே கணக்கு. வேலைக்கு இனி வரவே முடியாதவர் அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்.

பிறகு காலம் மாறியது. 1948இல் நமது மக்களின் குடியுரிமை பறிபோனது. நாட்டில் இலவச மருத்துவம் வளர்ந்து கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தோட்ட மருத்துவம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனது. தோட்டத்தின் நலன்புரி வேலைகளுக்கு, இன்று நாம் 'ட்ரஸ்ட்' என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் வந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலையும் தொடங்கியது. சில ஆஸ்பத்திரிகள் அரசிடம் போயின. பல இடங்களில் வைத்திய உதவியாளர் ஒருவரும் மருந்து அலுமாரி ஒன்றும்தான் மிச்சம். சில இடங்களில் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் கதவு பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் யாரிடம் ஒப்படைப்பது என்று பேசினார்கள். நமக்கு என்ன தேவை என்று நம்மிடம் கேட்டுச் செய்த மாற்றம் ஒன்றும் நமக்கு நினைவில்லை.

இப்போது ஒரு சந்தேகம் வரும். வைத்தியசாலைகளில் பதிவேடு இருக்கிறதே, அதைப் பார்த்தால் தேவை தெரியாதா? பாதிதான் தெரியும். வைத்தியசாலைக்கு வந்தவர்களின் கணக்கு வைத்தியசாலையில் இருக்கும். வராதவர்களின் கணக்கு லயத்தில்தான் இருக்கும். பஸ் காசு இல்லாமல் கிளினிக்கை விட்டவர், தூக்கிப் போக ஆள் இல்லாததால் படுத்தே கிடப்பவர், மொழி தெரியாமல் திட்டு வாங்கி இனிப் போகமாட்டேன் என்று வந்தவர், இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்து வைத்தியசாலை கட்டினால், ஏற்கனவே வரக்கூடியவர்களுக்கே இன்னொரு வைத்தியசாலை கட்டியதாகும்.

இன்னொரு ஆபத்து, சராசரிக் கணக்கு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களை எண்ணியது. முழு இலங்கைக்கும் 17.3 வீதம். தோட்டத்துறையில் மட்டும் 31.7 வீதம். தோட்டத்தைத் தனியாக எண்ணாமல் விட்டிருந்தால், 17.3 என்ற எண்ணைப் பார்த்து நிலைமை பரவாயில்லை என்று கோப்பை மூடியிருப்பார்கள். நம்மைத் தனியாக எண்ணியதால்தான் நமது பிள்ளைகளின் நிலை தெரிந்தது. படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கும் அப்படி ஒரு எண்ணிக்கை வேண்டும்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் 2010இல் வந்த சுகாதாரச் சட்டப்படி, இலாப நோக்கமற்ற வைத்தியசாலைகள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தங்கள் பகுதி மக்களின் சுகாதாரத் தேவையை மதிப்பிட வேண்டும். ஏழைகளின், சிகிச்சை கிடைக்காதவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அறிக்கையை எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். கண்டறிந்த தேவைகளில் எதை நிறைவேற்றப் போவதில்லை, ஏன் என்பதையும் எழுத வேண்டும். இந்தக் கடைசி விதி எங்களுக்கு மிகவும் பிடித்தது. முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடு என்று தொழிற்சங்கம் கேட்பது போலத்தான் இருக்கிறது.

அங்கே நீண்டகாலத் தீவிர சிகிச்சை வைத்தியசாலை என்று ஒரு வகை உண்டு. சராசரியாக 25 நாளுக்கு மேல் தங்க வேண்டிய நோயாளிகளுக்கானது. சுவாச இயந்திரத்திலிருந்து மெல்ல மெல்ல விடுபட வேண்டியவர்கள், ஆழமான புண் உள்ளவர்கள், ஒரே நேரத்தில் பல உறுப்புகள் பழுதானவர்கள் அங்கே தங்குவார்கள். அந்த வைத்தியசாலையை அப்படியே கொண்டுவந்து கொட்டகலையில் வை என்று நாங்கள் கேட்கவில்லை. அமெரிக்க மருத்துவச் செலவுக் கதை வேறு. ஆனால் அதன் அடிப்படை நமக்குப் பொருந்தும். உயிரைக் காப்பாற்றும் கட்டிலுக்கும் வீட்டுப் படுக்கைக்கும் நடுவில் ஒரு படி வேண்டும். நமது நாட்டில் றாகமையிலும் திகனையிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் இருக்கின்றன. அவை அந்த நடுப்படிதான். மஸ்கெலியாவிலிருந்தோ பசறையிலிருந்தோ அந்தப் படிக்கு ஏற எத்தனை பேரால் முடிகிறது என்பதுதான் கேள்வி.

நமது உறவுகள் இருக்கும் இடத்திலிருந்து ஒரு உதாரணம். சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன நமது சொந்தங்கள் பலர் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் குடியேறினார்கள். அதே கூடலூரில் 1990இல் ஆதிவாசி மக்களுக்காக அஷ்வினி என்ற அமைப்பு ஒரு வைத்தியசாலையைத் தொடங்கியது. முதலில் வந்தது கட்டடம் அல்ல. அதற்கு முன்னரே ஊர்களிலிருந்து ஆதிவாசிப் பெண்களையும் ஆண்களையும் பயிற்றி, வீடு வீடாக அனுப்பி, யாருக்கு என்ன நோய் என்று தெரிந்துகொண்டார்கள். அதன் பிறகே வைத்தியசாலை. தாதியராகவும் அந்த மக்களின் பெண்களே பயிற்சி பெற்றார்கள். வீட்டிலிருந்து தொடங்கிக் கட்டிலுக்குப் போனார்கள். நாம் கட்டிலைக் கேட்டுவிட்டு வீட்டை மறந்திருக்கிறோம்.

சரி, என்ன செய்யப் போகிறோம்?

ஒவ்வொரு டிவிஷனுக்கும் இரண்டு பேர். அதில் ஒருவர் கட்டாயம் பெண். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். நோயோடு ஒரு மாதத்துக்கு மேல் படுக்கையில் இருக்கும், அல்லது வேலைக்குப் போக முடியாமல் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஏழு கேள்விகள் போதும்.

ஒன்று, வயது என்ன, ஆணா பெண்ணா. இரண்டு, என்ன நோய் அல்லது காயம், வைத்தியசாலையிலிருந்து எப்போது வந்தார். மூன்று, தானாக எழுந்து உட்கார, நடக்க, சாப்பிட, கழிவறைக்குப் போக முடியுமா. நான்கு, உடம்பில் புண் இருக்கிறதா, குழாய் போட்டிருக்கிறதா. ஐந்து, அவரைப் பார்த்துக்கொள்வது யார், அதற்காக அவர் எத்தனை நாள் பேர் இழந்தார். ஆறு, கிளினிக் எங்கே, போய்வர எவ்வளவு செலவு, எத்தனை தடவை தவறியது, ஏன். ஏழு, கையில் உள்ள பத்திரம் எந்த மொழியில் இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டாருக்கு யாராவது சொன்னார்களா.

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நோயாளியை எண்ணுகிறவர்கள் உண்டு, நோயாளியைப் பார்ப்பவரை எண்ணுகிறவர்கள் இல்லை. அது பெரும்பாலும் ஒரு பெண். ஒரு நோயில் இரண்டு சம்பளம் போகிறது என்பது அந்தக் கேள்வியில்தான் வெளிப்படும். ஏழாவது கேள்வியையும் விடாதீர்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. மருந்துப் பத்திரம் விளங்குவது சலுகை அல்ல. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

ஒரு எச்சரிக்கை. நோய் ஒருவரின் சொந்த விஷயம். தோட்டத்துக்கு வெளியே போகும் தாளில் பெயர் இருக்கக் கூடாது, இலக்கம் மட்டும் இருக்கட்டும். சொல்ல விருப்பம் இல்லாதவரை வற்புறுத்தாதீர்கள். காசநோய், மனநோய், கர்ப்பப்பை சம்பந்தமான நோய் ஆகியவை பெரட்டுக் களத்தில் பேச்சாகிவிட்டால், அடுத்த வருடம் ஒரு வீடும் கதவு திறக்காது. எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார் என்றும் பார்க்காதீர்கள். படுக்கைப் புண்ணுக்குச் சங்கப் பிரிவினை தெரியாது.

கணக்கு எடுத்து முடிந்ததும் அதைக் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் தோட்ட வைத்திய உதவியாளரிடமும் காட்டிச் சரிபார்ப்போம். அவர்கள் நமது எதிரிகள் அல்ல. கைக்கு மீறிய வேலை செய்கிறவர்கள். பிறகு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் கொடுப்போம். அவர்களிடம் உள்ள கணக்கை நாமும் கேட்போம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தமிழிலேயே தகவல் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டியது அவர்கள் கடமை. எத்தனை உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் பதவி இருக்கிறது, எத்தனை வெற்றிடம், பூட்டிக் கிடக்கும் தோட்ட ஆஸ்பத்திரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள்.

கணக்கு கையில் வந்தால் கோரிக்கையின் உருவமே மாறும். ஒரு பிரதேசத்தில் பாரிசவாதக்காரர்கள் அதிகம் என்று தெரிந்தால், அங்குள்ள ஆதார வைத்தியசாலையில் நீண்டநாள் தங்கும் விடுதி ஒன்றும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் வேண்டும் என்று கேட்கலாம். புண்ணும் குழாயுமாக வீட்டில் இருப்பவர்கள் அதிகம் என்றால், வாரம் ஒருமுறை லயத்துக்கு வரும் தாதி வேண்டும் என்று கேட்கலாம். அதற்குக் கட்டடமே தேவையில்லை. பூட்டிய ஆஸ்பத்திரியைத் திறந்து பத்துக் கட்டில் போட்டால் போதும் என்றும் கணக்கு சொல்லலாம். பெரிய வைத்தியசாலையே வேண்டும் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அதை ஏற்றுக்கொள்ளும் மனதோடு எண்ணுவோம். முன்கூட்டியே பதிலை வைத்துக்கொண்டு எண்ணுவது கணக்கு அல்ல.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். குளவி கொட்டியோ வழுக்கி விழுந்தோ வேலை நேரத்தில் அடிபட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அடிபட்ட அன்றே திகதி, நேரம், மலை இலக்கம், பார்த்தவர் பெயர் எழுதி வையுங்கள். இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால், வயது வரும்வரை காத்திராமல் ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம். அந்த வீட்டு அம்மாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்.

கொழும்பில் இருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். துண்டு வெட்டும் நாளில் உங்களில் ஒருவர் கட்டிலருகே நில்லுங்கள். உங்களுக்குச் சிங்களம் தெரியும். எத்தனை மணிக்கு ஒரு முறை புரட்டுவது, குழாயை எப்போது மாற்றுவது, எந்த அறிகுறி வந்தால் உடனே கொண்டுவருவது, ஊருக்கு அருகில் எந்தக் கிளினிக் என்று நாலு கேள்வி கேட்டு, தமிழில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். ஒரு தாளும் பேனாவும்தான் செலவு. நாம் சொன்ன அந்தக் குடும்பத்துக்கு அந்தத் தாள் கிடைத்திருந்தால், அந்தப் புண் வராமலே போயிருக்கலாம்.

தலைவர்மாரே, மாதர் தலைவிமாரே, ஊருக்குப் போனதும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் விஷயமாக இதை எடுங்கள். நோட்டுப் புத்தகத்தைச் சங்கம் தரும். வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியது நீங்கள். எண்ணி முடித்ததும் நாங்கள் முதலில் போகப்போவது அமைச்சுக்கு அல்ல, அந்தத் தொங்கல் லயத்துக்கு. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் அமைச்சுக்குப் போவோம்.